மானிப்பாயில் தமிழ் பேசிய வைத்தியம்

கிறிஸ்தவ முன்மாதிரிகளை நினைக்கும்போது நாம் முதலிற் சொல்வது தியாகம். வைத்தியராகிய நான் சாமுவேல் பிஸ்க் கிறீனிடம் பின்பற்ற விரும்புவது வேறொரு பண்பு.

1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் நோயாளரைக் கவனித்ததோடு நின்றுவிடவில்லை. தமிழைக் கற்றார். மேலைநாட்டு வைத்தியத்தை இம்மண்ணின் பிள்ளைகள் தம் தாய்மொழியிலேயே கற்கவேண்டும் எனத் துணிந்து, தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவ வைத்தியம் முதலிய துறைகளில் தமிழ் நூல்கள் வெளிவரச் செய்தார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60க்கும் மேற்பட்டவர்கள். 1873இல் தாயகம் திரும்பிய பின்பும் மொழிபெயர்ப்புப் பணியை அவர் கைவிடவில்லை. 1884இல் மறைந்தார்.

தான் அறிந்ததைப் பிறர் கையில் கொடுத்துவிடும் மனமே அவரிடம் நான் காணும் பண்பு. நோயாளி ஒன்றும் விளங்காமல் தலையாட்டிவிட்டுப் போனால், நாம் எழுதிய மருந்துத் துண்டு வெறுங்காகிதந்தான்.

இன்று எங்கள் மூத்தோர் பலர் அந்நிய நாட்டு வைத்தியசாலைகளில், பேரப்பிள்ளைகளின் அரைகுறைத் தமிழை நம்பி இருக்கிறார்கள். அன்புத் தோழியரே, நீங்கள் வைத்தியராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவர்கள் அருகில் சற்று இருந்து, வைத்தியர் சொன்னதை நல்ல தமிழில் விளங்கப்படுத்துங்கள். கிறீன் தொடங்கிய பணி அதுவே.