உள்ளகக் கணிப்பு ஒளியுணரிகளின் வரலாறு

உள்ளகக் கணிப்பு ஒளியுணரி என்பது, தன்மீது விழும் ஒளியை அளப்பதோடு நில்லாமல், அந்த அளவைக் கொண்டு செய்யவேண்டிய கணிப்பையும் தனக்குள்ளேயே முடித்து, விடையை மட்டும் வெளியே அனுப்பும் கருவி ஆகும். வழக்கமான ஒளிப்படக் கருவி தன் படவணுக்கள் அனைத்தின் அளவையும் ஒன்று விடாமல் வெளியே அனுப்புகிறது. கணிப்பு வேறிடத்தில் நடக்கிறது. இவ்வேறுபாட்டைத் தூத்துக்குடி முத்துக்குளிப்பைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

சிப்பியும் முத்தும்

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகள் 'பார்' எனப்படும். முத்துக்குளிப்போர் கல்லின் துணையோடு மூழ்கி, கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் அள்ளி வருவர். கரையில் அவற்றை அழுகவிட்டு, கழுவி, முத்தைத் தேடுவர். பெரும்பாலான சிப்பிகளில் முத்து இராது. எதில் உண்டு என்பது கடலடியில் தெரியாததால் எல்லாவற்றையும் கரைசேர்த்தாக வேண்டியிருந்தது. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.

சாதாரண ஒளிப்படக் கருவியின் வேலையும் இத்தகையதே. தேவையானது ஒரு சிறு செய்தியாக இருந்தாலும் முழுப் படத்தையும் சுமந்து செல்கிறது. சிப்பியைக் கடலடியிலேயே சோதித்து, முத்தை மட்டும் மேலே அனுப்ப முடிந்தால் எப்படியோ, அப்படிப்பட்டது உள்ளகக் கணிப்பு.

சூரிய வால்வு

தூத்துக்குடிக் கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. ஆழ்கடல் துறைமுகம் அமைந்து, 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படும் முன்னர், பெரிய கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். தோணிகளே சரக்கை ஏற்றி இறக்கின. இத்தகைய கடலில் இரவு விளக்குகள் உயிர்காப்பவை. ஆனால் ஆளில்லாத் தீவிலும் மிதவையிலும் நாள்தோறும் விளக்கேற்றி அணைப்பது யார்?

இக்கேள்விக்குச் சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாவ் டாலன் 1907-இல் விடை கண்டார். அவரது சூரிய வால்வில் ஒரு கறுப்புத் தண்டும், ஒளியைத் திருப்பியனுப்பும் மூன்று பளபளப்பான தண்டுகளும் இருந்தன. பகலில் கறுப்புத் தண்டு ஒளியை உறிஞ்சிச் சூடேறி, மற்றவற்றைவிடச் சற்றே நீளும்; அசிட்டிலீன் வாயு அடைபடும். மாலையில் வேறுபாடு மறைய, வாயு திறந்து விளக்கு எரியும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. புழுக்கமான இரவில் நான்கு தண்டுகளும் ஒரே அளவில் நீளும். ஆகவே வால்வு ஏமாறாது. வெப்பத்தைக் கழித்துவிட்டு ஒளியை மட்டும் கணக்கில் கொள்ளும் கழித்தல் கணக்கை அந்த உலோகத் தண்டுகளே செய்தன. மின்சாரமோ, கம்பியோ, ஆளோ தேவைப்படவில்லை. டாலனுக்கு 1912-இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் வாயு வெடிவிபத்தில் அவர் பார்வையை இழந்தார்; ஆயினும் 1937-இல் இறக்கும்வரை தம் நிறுவனத்தை நடத்தினார். இந்தியக் கடற்கரையிலும் அசிட்டிலீன் விளக்குகள் நெடுங்காலம் பயன்பட்டன.

விழித்திரையிலிருந்து சிலிக்கானுக்கு

இயற்கை இதனை முன்பே செய்திருந்தது. மனித விழித்திரையில் 10 கோடிக்கும் மேற்பட்ட ஒளியேற்பிகள் உள்ளன. மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளோ ஏறத்தாழ 10 லட்சம்தான். அமெரிக்க அறிவியலாளர் ஹார்ட்லைன், குதிரைலாட நண்டின் கண்ணில் அடுத்தடுத்த ஏற்பிகள் ஒன்றையொன்று அடக்கி, விளிம்புகளைத் தெளிவாக்குவதைக் கண்டறிந்தார். 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1980-களின் இறுதியில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மிஷா மகோவால்டும் கார்வர் மீடும் இவ்வழியைப் பின்பற்றிச் 'சிலிக்கான் விழித்திரை'யை உருவாக்கினர். 2008-இல் சூரிச்சைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 128×128 படவணுக்கள் கொண்ட நிகழ்வுசார் உணரியை வெளியிட்டனர். ஒளி மாறும்போது மட்டுமே அதன் படவணு குரல் கொடுக்கும். அசையாத காட்சியில் ஏறக்குறைய மௌனம் காக்கும். 2020-இல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர், ஒளியுணர் திறனையே கூட்டியும் குறைத்தும் நரம்பு வலைப்பின்னலாக்கி, எளிய எழுத்து வடிவங்களை உணரிக்குள்ளேயே இனங்காணச் செய்தனர். அதே ஆண்டு சோனி நிறுவனம் செயற்கை நுண்ணறிவுச் செயலி இணைந்த பட உணரிகளை அறிவித்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் நிகழ்வுசார் உணரிகளைக் கொண்ட ஆய்வு நடைபெறுகிறது.

பயனும் எச்சரிக்கையும்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் உள்ளன. இத்தகைய இடங்களில் கண்காணிப்புக் கருவி சூரிய மின்தகட்டையும் சிறு மின்கலத்தையும் நம்பியே இயங்க வேண்டும். முழுப் படங்களை வானொலி அலைவழி அனுப்பினால் மின்கலம் விரைவில் தீரும். 'படகு வந்தது' என்ற ஒரு செய்தியை மட்டும் அனுப்பும் உணரி நெடுநாள் உழைக்கும். மீனவர் முகங்களும் வெளியே செல்லா.

எனினும், உணரி ஒருமுறை விலக்கிய காட்சியை மீண்டும் பெற இயலாது. அலைமேல் மின்னும் வெயில், நிகழ்வுசார் உணரிக்குப் பெருங்கூட்டமான மாற்றங்களாகத் தெரியும். விசைப்படகுகளை மட்டும் காட்டிப் பழக்கிய உணரி வள்ளத்தைத் தவறவிடலாம். தவறியதைக் காட்டப் படமும் எஞ்சாது. சூரிய வால்வு பழுதானால் இருண்ட விளக்கைக் கப்பலோட்டி கண்ணால் கண்டுகொள்வார். சில்லின் பிழை அப்படி வெளிப்படுவதில்லை.

இதற்கும் முத்துக்குளிப்பிலேயே ஒரு வழிகாட்டல் உண்டு. குளிப்பை அறிவிக்கும் முன், பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்தின் மதிப்பைக் கணிப்பது வழக்கம். அதுபோல், அவ்வப்போது சில முழுப் படங்களை வெளியே எடுத்து மனிதக் கண் ஒப்புநோக்கினால்தான் உணரி சொல்லும் விடையை நம்ப முடியும்.