660உம் 800உம் எங்கிருந்து வந்தன?

பாவித்த சின்னக் கார் ஒன்று பார்க்கப் போனால் நம்மவர்கள் முதலில் கேட்பது "எத்தனை சீசீ?" என்றுதான். 660 என்றால் "இது ஏத்தம் ஏறாது", 800 என்றால் "பரவாயில்ல", 1000 என்றால் "அதுதான் கார்". தீர்ப்பு அந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஆனால் லீசிங் போட்டு வருடக்கணக்கில் கட்டப்போகிற காசு அது. அந்த இலக்கங்களின் வரலாற்றை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவோமே.

660 என்பது எஞ்சினுக்கு ஏற்ற அளவு என்று யாரும் கண்டுபிடித்ததல்ல. அது ஜப்பான் சட்டம் போட்ட வேலி. போரில் நொந்துபோன நாட்டில் சாதாரண மக்களும் வாகனம் வாங்க வேண்டும் என்று 1949இல் 'கேய்' என்ற சிறு வாகன வகுப்பை உருவாக்கினார்கள். 1955இல் அதன் எல்லை 360 சீசீ. அதே வருடம் சுசுகியின் 'சுசுலைட்' வந்தது, 1958இல் 'சுபாரு 360'. வரி குறைவு என்பதால் சனம் வாங்கியது. பிறகு புகைக் கட்டுப்பாடு இறுகியது, 360 எஞ்சினுக்கு மூச்சு முட்டியது. 1976இல் எல்லையை 550 ஆக்கினார்கள், 1990இல் 660. இன்றும் அதுதான்.

சீசீயைக் கூட்ட வழியில்லாததால் ஜப்பான்காரர் அந்த வேலிக்குள்ளேயே வேலையைக் காட்டினார்கள். வால்வைக் கூட்டினார்கள், சிலதுக்கு டர்போ போட்டார்கள், எஞ்சினை வேகமாகச் சுழல வைத்தார்கள்.

800இன் கதை வேறு. ஜப்பானுக்கு வெளியே விற்கும் காருக்கு அந்த வேலி கிடையாது. அதனால் சுசுகி ஏற்றுமதிக்கென்று 796 சீசீ எஞ்சின் போட்டது. 1983 டிசம்பரில் இந்தியாவில் மாருதி 800 ஆக வீதிக்கு வந்தது அந்த எஞ்சின்தான். நம் வீதிகளிலும் அது ஓடிய ஓட்டம் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய மாருதி 800இன் வலு 40 குதிரை வலுவைத் தொடாது. டர்போ இல்லாத 660 வேகன் ஆர் 50 அளவில் நிற்கிறது. சீசீ குறைந்தது, வலு கூடியது!

அப்படியென்றால் "ஏத்தம் ஏறாது" என்பது வெறும் கதையா? முழுதாக இல்லை. 660இன் வலு எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் வெளியே வரும். வேகன் ஆர் மாருதியை விட 100 கிலோவுக்கு மேல் பாரமும் கூட. நான்கு பேரும் ஏசியுமாக மஹியங்கனைப் பக்கத்து 18 வளைவில் ஏறும்போது அது கத்தும், ஆனாலும் ஏறும். மாருதிக்கும் அந்த இடத்தில் ஏசியை நிற்பாட்ட வேண்டி வரும், அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நம் நாட்டிலும் சீசீ என்பது வரிக் கணக்குத்தான். 2018 ஓகஸ்டில் 1000 சீசீக்குக் குறைந்த கார்களின் வரியை ஏற்றினார்கள். 2020இல் இறக்குமதியே நின்றது, பாவித்த கார் பொன்னானது. 2022இல் கியூஆர் வந்தபோது, எத்தனை சீசீ என்றாலும் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். 660ஐப் பார்த்துச் சிரித்தவர்கள் அந்த நாட்களில் சத்தமில்லாமல் இருந்தார்கள்.

ஆகவே வாங்க முன் நான்கு பேரை ஏற்றி, ஏசியும் போட்டு, மேட்டில் ஓட்டிப் பாருங்கள். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஓட்டிவிட்டு "எஞ்சின் நல்லம்" என்று சொல்ல முடியாது. அந்த வீதியில் ஏற்றமே இல்லை.