தட்டேக்காடு: பறவைக்கும் மனிதனுக்கும் நடுவே ஒரு கோடு

கொச்சியில் இறங்கி மூணாறுக்குப் போகிற நம்மவர்கள் பலரும் கோதமங்கலத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், எர்ணாகுளம் மாவட்டத்தில், இடுக்கி எல்லையை ஒட்டி, பெரியாற்றங்கரையில் இருக்கிறது தட்டேக்காடு. கேரளத்தின் முதல் பறவைகள் சரணாலயம்.

1933-ல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி, மனைவி தெஹ்மினாவோடு இந்தப் பக்கமெல்லாம் சுற்றினார். தட்டேக்காட்டைப் பார்த்து அசந்துபோனார். அவருடைய பரிந்துரைதான் பின்னாளில் சரணாலயமாக மாறியது. ஆனால் அதற்கு 50 வருஷம் ஆயிற்று!

அதற்குள் ஆறே மாறிவிட்டது. 1960களில் பூதத்தான்கெட்டில் தடுப்பணை கட்டினார்கள். கட்டியது வயலுக்காக, பறவைக்காக அல்ல. ஆனால் மழைக்காலம் முடிந்து ஷட்டரை இறக்கியதும் தண்ணீர் தட்டேக்காடு வரை தேங்கி நின்றது. காட்டுப் பறவையோடு நீர்ப்பறவையும் சேர்ந்துகொண்டது. இன்றைய கணக்கு 300 வகைக்கு மேல். பகலில் காய்ந்த இலைபோல அசையாமல் உட்கார்ந்திருக்கும் தவளைவாயனைப் பார்க்கவே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

1983-ல் சுமார் 25 சதுர கி.மீ. பரப்பை சரணாலயமாக அறிவித்தார்கள். சிக்கல் அங்கேதான். ஆயிரக்கணக்கான மக்கள் வாழும் குடியிருப்பும் விவசாய நிலமும் அந்தக் கோட்டுக்குள் மாட்டிக்கொண்டன. வங்கிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், பத்திரத்தில் எல்லை தப்பாக இருந்தால் அந்தச் சொத்தை வைத்து நிம்மதியாக எதுவும் செய்ய முடியாது.

2024 அக்டோபரில், மக்கள் வாழும் சுமார் 9 சதுர கி.மீ. பகுதியை நீக்கலாம் என்று மாநில வனவிலங்கு வாரியம் பரிந்துரைத்தது. ஆனால் சட்டப்படி, தேசிய வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் சரணாலய எல்லையை மாற்ற முடியாது.

நம் வேடந்தாங்கலை நினைத்துப் பாருங்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பயிருக்கு உரம் என்று தெரிந்த ஊர்க்காரர்களே அங்கே காவல் நின்றார்கள். பறவையைச் சுட வந்தவர்களைத் தடுக்க, 18-ம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் ஆணையும் வாங்கினார்கள். அங்கே பறவையும் மனிதனும் ஒரே கட்சி. தட்டேக்காட்டிலோ கோடு அவர்களை எதிர்க்கட்சி ஆக்கிவிட்டது.

குடியிருப்பை விடுவிப்பது நியாயம். ஆனால் அதைச் சாக்கிட்டு நாளைக்கு ஆற்றங்கரையில் ரிசார்ட் முளைத்தால்? ஆலுவாவில் கொச்சி நகரம் குடிக்க எடுப்பதும் இதே பெரியாற்றுத் தண்ணீர்தான். கரை கெட்டால் நஷ்டம் பறவைக்கு மட்டுமில்லை.

அடுத்த லீவில் மூணாறு போகும்போது அரை நாள் ஒதுக்குங்கள். விடியற்காலையில் போனால் நல்லது. பிள்ளைகளிடம் பறவையைக் காட்டுங்கள், கரையில் இருக்கும் வீடுகளையும் காட்டுங்கள்.