உவர்நீரும் வெண்ணிற வீழ்படிவும்: ஒரு வரலாற்று நோக்கு

நீரிற் கரைந்த உப்பைக் கண் காணாது. சிறிதளவாயின் நாவும் உணராது. அதனை அறியும் எளிய முறையொன்று பாடசாலை ஆய்வுகூடங்களிற் பயிற்றப்படுகின்றது. ஐதான நைத்திரிக்கமிலம் சேர்த்த நீரில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலின் சில துளிகளை இட, வெண்ணிற வீழ்படிவு தோன்றி, அது அமோனியாக் கரைசலிற் கரையுமாயின் குளோரைட்டு அயன் உண்டென்பது பெறப்படும்.

இதன் மூலம் பழையது. இங்கிலாந்தின் இறொபேட் பொயில் குடிநீரின் உவர்மையை வெள்ளிக் கரைசலாற் சோதித்த முறை, அவர் மறைந்து ஈராண்டின் பின் 1693இல் அச்சேறியது. அது பெரிதும் ‘உண்டா, இல்லையா’ என்னும் வினாவுக்கே விடை கூறிற்று. ‘எவ்வளவு’ என்பதைத் துணிய ஜேர்மனியரான மோர் 1856இல் வகுத்த நியமிப்பு முறை வழிசெய்தது.

இரசாயன அறிவு தமிழில் வேரூன்றிய வரலாற்றில் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்குத் தனியிடமுண்டு. அங்கு மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீனின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் 1875இல் வெளிவந்தது.

அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களில் இவ்வறிவின் தேவை வெளிப்படை. 2004 திசெம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை கிழக்குக் கரையோரக் கிணறுகள் பலவற்றை உவராக்கிற்று. நன்னீர்க் கிணற்றிலும் சிறிது குளோரைட்டு உண்டு. ஆதலின் வெண்மை தோன்றுவது மட்டும் தீர்ப்பாகாது. பொயிலின் வினாவோடு நில்லாது மோரின் வினாவையும் மாணவர் எழுப்பும்போதே, பாடசாலைப் பரிசோதனை ஊருக்கு உதவும் அறிவாகின்றது.