பதிவேடா, கணக்கெடுப்பா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! பெரம்பலூர், அரியலூர்ப் பெருமக்களே!

வேலையில்லாத இளைஞரைச் சரியாக எண்ணுவது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடா, வீடு தேடி வருகிற மாதிரிக் கணக்கெடுப்பா? கணக்கெடுப்பே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி, "எங்க பதிவேட்டுல பேரு இருக்கு, ஊரு இருக்கு, உங்ககிட்ட வெறும் சதவீதந்தானே?" என்று கேட்டார். அந்தப் பதிவேடு பிறந்த கதையைக் கேளுங்கள். 1945-லே, உலகப்போர் முடிந்து வந்த சிப்பாய்களுக்கு வேலை தேடிக் கொடுக்கத் தொடங்கிய அலுவலகம் அது. 1948-லே எல்லாருக்கும் கதவைத் திறந்தார்கள். 1956-லே நிர்வாகத்தை மாநிலங்களிடம் ஒப்படைத்தார்கள். ஆக, அது வேலை வாங்கித்தர வந்த ஏடு; வேலையில்லாதவரை எண்ண வந்த ஏடு இல்லை!

தனியார் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டே, சீனியாரிட்டி போய்விடக் கூடாதென்று மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறாரே, அவர் பெயர் அதிலே இருக்கும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பதிவே செய்யாமல் வேலை தேடி அலைகிறவன் பெயர் இருக்காது. சாப்பிட்டவன் பந்தியிலே உட்கார்ந்திருக்கிறான். பசித்தவன் வாசலிலே நிற்கிறான்! (சிரிப்பு, கைதட்டல்)

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1968-லே பேராசிரியர் தந்த்வாலா தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1970-லே அறிக்கை வந்தது. உழவை நம்பிய நாட்டில் வேலையின்மையை ஒற்றை எண்ணுக்குள் அடைக்க முடியாது என்றது அந்தக் குழு. 1972-73-லே தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 27-வது சுற்றிலிருந்து மூன்று அளவுகோல் வந்தது.

நம்ம ஊர்ப் பையன் ஒருத்தனை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டம் வாங்கிப் பதினோரு மாதம் வேலை தேடினான். ஒரு மாதம் அப்பாவோடு சின்ன வெங்காயக் கொல்லையிலே கூலியில்லாமல் பாடுபட்டான். வருஷக் கணக்கிலே முப்பது நாள் துணைவேலை சேர்ந்துவிட்டதால் அவன் வேலையுள்ளவன். வாரக் கணக்கிலே ஏழு நாளில் ஒரு மணி நேரம் உழைத்தாலே வேலையுள்ளவன். நாள் கணக்கு மட்டும் ஒவ்வொரு நாளையும் அரை அரை நாளாகப் பிரித்து, சும்மா கிடந்த பொழுதையும் எண்ணும்.

2011-12 கணக்கைப் பாருங்கள். வருஷ அளவுகோலில் வேலையின்மை 2.2 சதவீதம். வார அளவுகோலில் 3.7. நாள் அளவுகோலில் 5.6. ஒரே நாடு, ஒரே வருஷம், மூன்று எண்!

"பார்த்தீங்களா, உங்க கணக்கே உங்களைக் காட்டிக் கொடுக்குது" என்று எதிரணி சிரிக்கலாம். இல்லை ஐயா! மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால்தானே நமக்கு உண்மை தெரிந்தது? பதிவேட்டால் இது முடியுமா?

2017-லே தொழிலாளர் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் நடக்கத் தொடங்கியது. 15 முதல் 29 வயதினரிடையே வேலையின்மை 2017-18-லே 17.8 சதவீதம், 2023-24-லே 10.2. அதே 2023-24-லே எல்லா வயதுக்கும் சேர்த்துப் பார்த்தால் வெறும் 3.2! இளைஞரைத் தனியே எண்ணாவிட்டால் அந்தப் புண் 3.2-க்கு அடியிலே மறைந்துபோகும்.

குறைந்துவிட்டது என்று உடனே பட்டாசு வெடிக்கவும் வேண்டாம். அதே காலத்தில் சொந்தத் தொழில் செய்வோர் பங்கு 52.2-லிருந்து 58.4 சதவீதமாக ஏறியது. கூலியில்லாமல் குடும்பத்துக்கு உழைப்பவரும் அதற்குள்தான் அடக்கம். நம்ம வெங்காயக் கொல்லைப் பையனும் அங்கேதான் இருக்கிறான்!

"பெரம்பலூருக்கென்று எண் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயம். 2011 மக்கள்தொகைப்படி 5,65,223 பேர். தமிழ்நாட்டிலேயே சின்ன மாவட்டம். மாநிலத்துக்காக எடுத்த மாதிரியில் நம்ம குரல் தனியாகக் கேட்காது. 2025 ஜனவரி முதல்தான் மாவட்டத்தையே அடிப்படையாக வைத்து மாதிரி எடுக்கிறார்கள்.

அதனாலே தாய்மார்களே, கணக்கெடுப்பவர் உங்க வீட்டு வாசலுக்கு வந்தால், "பையன் அப்பாவுக்கு ஒத்தாசையா இருக்கான்" என்பதோடு நிறுத்தாதீங்க. எத்தனை நாள் உழைத்தான், எத்தனை மாதமாக வேலை தேடுகிறான், எல்லாத்தையும் சொல்லுங்க. எண்ணப்படாதவனுக்கு எந்தத் திட்டத்திலும் இலை விழாது. வாசலில் நிற்கிறவனைத் தேடி வருகிற கணக்கெடுப்பின் பக்கமே தீர்ப்பு வழங்குங்கள் நடுவர் அவர்களே!