வெள்ளரிப் பிஞ்சும் காடியும்

புதுச்சேரி நகரின் வடபால் அமைந்துள்ளது லாஸ்பேட்டை. 1765-ல் ஆளுநராய் வந்து, ஆங்கிலேயர் இடித்த நகரை மீண்டும் எழுப்பிய லா தெ லொரிஸ்தோன் என்பாரின் பெயர் இவ்வூர்ப் பெயரில் உறைகிறது என்பர். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ல் கைமாறிற்று. பிரெஞ்சியர் விரும்பியுண்ணும் ஊறுகாய் ஒன்றைப் பற்றியே இன்று பேசப் புகுந்தேன்.

அதன் பெயர் கோர்னிஷோன். சிறு கொம்பு என்பது பொருள். விரலளவு வளர்ந்த வெள்ளரிப் பிஞ்சே அது. மேலுள்ள சுணையைத் துணியால் தேய்த்து நீக்கி, உப்பிட்டு ஓரிரவு வைப்பர். அது விட்ட நீரை வடித்து, சிறு வெங்காயமும் கடுகும் சேர்த்துக் காடியில் அமிழ்த்துவர். கிழக்கு ஐரோப்பியரோ பெரும்பாலும் காடி ஊற்றுவதில்லை. உப்பு நீரில் பிஞ்சை மூழ்கவிட்டால் சின்னாளில் அதுவே புளித்துவிடும். இவ்வகைப் புளிப்பு நுண்ணுயிர்களின் வேலை என்பதை 1857-ல் உலகுக்கு உரைத்தவர் லூயி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர்.

நம் பாட்டியர் பாஸ்டரைக் கேள்விப்பட்டவர் அல்லர். ஆயினும் மாவடுவில் உப்பைத் தூவி, அதன் நீரிலேயே அதை ஊற வைக்க அறிந்திருந்தனர். காடியிலிட்ட மாவடுவைப் பெரும்பாணாற்றுப்படையே பேசுகிறது. எனவே இக்கலை நமக்குப் புதிதன்று. வெள்ளரியும் இமயத்தின் அடிவாரத்தில் தோன்றிய நம் நாட்டுக் கொடியே. பிஞ்சைப் பச்சையாக உப்பும் மிளகாய்ப் பொடியும் தொட்டுத் தின்பதோடு நாம் நின்றுவிட்டோம். அதுவும் குறைந்த சுவையன்று!

வியப்பு என்னவெனின், பிரெஞ்சியர் சென்று பல்லாண்டு கழிந்தபின் அப்பிஞ்சு இங்கே வந்து சேர்ந்தது. கெர்கின் என்னும் பெயரில் 1990-களில் கருநாடகத்தில் தொடங்கிய பயிர், பின்னர்த் தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் பரவியது. 2020-21-ல் இந்தியாவிலிருந்து 2,23,515 டன் வெள்ளரியும் கெர்கினும் கடல் கடந்தன. உலகிலேயே மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா என்று 2022-ல் அரசு அறிவித்தது. ஏறத்தாழ 90,000 சிறு உழவர்கள் இதனைப் பயிரிட்டனர்.

பயிரின் ஆயுள் 90 நாள். பிஞ்சு சிறிதாயின் விலை கூடும். ஒருநாள் பறிக்கத் தவறினும் பருத்துத் தரம் இறங்கும். ஆதலின் பறிப்பவருக்கு ஓய்வில்லை. வித்துத் தருவதும் விளைச்சலைக் கொள்வதும் நிறுவனமே. அது வேண்டாமென்று ஒதுக்கிய மூட்டையை உள்ளூர்ச் சந்தைக்குக் கொண்டு சென்றால், கேட்பார் எவருமிலர்.