காவற்கோபுரங்களின் கடற்கரை

ஸ்பெயினின் தென்கோடியில், மலகா நகரை நடுவாகக் கொண்ட கடலோரத்தைக் 'கோஸ்தா தெல் சோல்' என்பர். 'கதிரவன் கரை' என்பது பொருள். ஐரோப்பாவின் குளிர் நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் ஓய்வு நாடி இங்கே வருகின்றனர். அவர்கள் வெயில் காயும் மணற்பரப்புக்கு மேலே, மேடுகளிலும் முனைகளிலும், பழைய கற்கோபுரங்கள் ஒன்றன் கண்ணுக்கு மற்றொன்று எட்டும் தொலைவில் நிற்கின்றன. புகைப்படத்திற்கு ஏற்ற பின்னணி என்பதற்கு மேல் அவற்றைப் பற்றி நினைப்போர் மிகச் சிலரே. ஆனால் இக்கரையின் வரலாற்றை அறிய விரும்புவோர் மாளிகைகளைவிட இக்கோபுரங்களிடமே செல்லவேண்டும்.

இக்கரைக்குக் கிழக்கே அல்முனக்கப் என்ற சிற்றூர் உள்ளது. இன்று அல்முனேகர் எனப்படும் அதுவும் ஓர் உல்லாசக் கடற்கரையே. அப்பாசியரின் வாளுக்குத் தப்பி, தம்பி கொல்லப்படுவதைக் கண்ணால் கண்டு, ஆண்டுக்கணக்கில் அலைந்து திரிந்த உமையா இளவரசர் அப்துர் ரஹ்மான் ஹிஜ்ரி 138இல் (கி.பி. 755) கரையேறியது அங்கேதான். அடுத்த ஆண்டே குர்துபாவில் அவருடைய ஆட்சி நிலைபெற்றது. இச்செய்தியை நம்மவர் பலரும் அறிவர். கரையோரத்தில் வாழ்ந்த எளிய மக்களின் கதைதான் அதிகம் பேசப்படவில்லை.

மலகாவுக்கு மேற்கே ஃபுவென்ஹிரோலா என்னும் கடற்கரை நகரில், ஆற்று முகத்துவாரத்தின் அருகே ஒரு கோட்டை நிற்கிறது. அதன் பெயர் ஸுஹைல். அப்பெயர் ஒரு விண்மீனுடையது. அந்தலுஸ் முழுவதிலும் அவ்வூரை ஒட்டிய மலையிலிருந்து மட்டுமே அது தென்படும் என்பதால் ஊருக்கு அப்பெயர் வந்ததாக இப்னு கல்லிகான் எழுதுகிறார். தமிழில் நாம் அதனை அகத்திய விண்மீன் என்கிறோம்; நம் வானில் தாராளமாகத் தெரிவதால் அதற்காக நாம் எம்மலையும் ஏறவேண்டியதில்லை. இப்னு ஹிஷாமின் நபி (ஸல்) வரலாற்று நூலுக்கு 'அர்ரவ்ளுல் உனுஃப்' என்ற விரிவுரை தந்த இமாம் அஸ்ஸுஹைலீ (ரஹ்) அவர்களின் பெயரோடு ஒட்டியிருப்பதும் இவ்வூரே. இளமையிலேயே பார்வையை இழந்த அவர் ஹிஜ்ரி 581இல் மராக்கிஷில் மறைந்தார். எதிரிகள் தம் ஊரைச் சூறையாடி உறவினரைக் கொன்றபோது அவர் வெளியூரில் இருந்தார் என்றும், பின்னர் அங்கு வந்து அழிந்த வீடுகளை விளித்துக் கவிதை பாடினார் என்றும் சரித நூல்கள் கூறுகின்றன.

கடலோரத்தில் குடியிருப்பது அன்று அவ்வளவு ஆபத்தானது. அதனைத் தெளிவாகக் காட்டுபவர் இப்னு பதூதா. சில ஆண்டுகளுக்கு முன் மஅபர் எனப்பட்ட நம் தமிழகக் கரையில் தங்கிச் சென்ற அதே பயணிதான். கி.பி. 1350இல் அவர் மார்பெல்லாவிலிருந்து மலகாவுக்குப் புறப்பட்டார். அதே வழியில் போகவிருந்த குதிரை வீரர் பன்னிருவருடன் சேர்ந்து செல்ல எண்ணியிருந்தார். அவர்களோ முந்திப் போய்விட்டனர். ஸுஹைல் எல்லைக்குள் நுழைந்ததும் பள்ளத்தில் ஒரு குதிரை செத்துக் கிடந்தது. சற்றுத் தள்ளி ஒரு மீன்கூடை தரையில் சிதறிக் கிடந்தது. அவருக்கு ஐயம் எழுந்தது. ஆயினும் எதிரே காவற்கோபுரம் தெரிந்ததால், பகைவர் வந்திருந்தால் காவலாளி எச்சரித்திருப்பானே என்று தம்மைத் தேற்றிக்கொண்டு மேலே நடந்தார். பின்னர்தான் கோட்டைத் தலைவர் வாயிலாக உண்மை தெரிந்தது. எதிரிகளின் நான்கு கப்பல்கள் வந்திருந்தன. அவற்றிலிருந்து சிலர் கரையிறங்கியிருந்தனர். அந்நேரம் கோபுரத்தில் காவலாளி இல்லை. பன்னிரு வீரரில் ஒருவர் கொல்லப்பட்டார், ஒருவர் தப்பினார், பத்துப் பேர் சிறைப்பட்டனர். மீன்கூடைக்குரிய மீனவரும் கொல்லப்பட்டுவிட்டார்.

மறுநாள் இப்னு பதூதா மலகாவை அடைந்தார். அந்நகரின் அத்தி, திராட்சை, மாதுளை பற்றியும், பொன் மெருகிட்ட மட்பாண்டங்கள் பற்றியும் அவர் எழுதியவை அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. அதைவிட முக்கியமானது பெரிய பள்ளிவாசலில் அவர் கண்ட காட்சி. காழியும் மார்க்க அறிஞர்களும் ஊர்ப் பெரியவர்களும் அங்கே அமர்ந்து பணம் திரட்டிக்கொண்டிருந்தனர். முதல் நாள் பிடிபட்ட அந்தக் கைதிகளை மீட்பதற்கான பணம் அது. ஸகாத்துக்கு உரியோராகத் திருக்குர்ஆன் வகுத்த எண்வகையினரில் 'ரிகாப்' என்னும் அடிமைத்தளையில் இருப்போரும் அடங்குவர். நாம் ஏடுகளில் மட்டும் படிக்கும் அப்பிரிவு, இக்கரை மக்களுக்கு அன்றாடத் தேவையாக இருந்தது.

1487 ஆகஸ்டில், மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த முற்றுகைக்குப்பின் மலகா வீழ்ந்தது. நகர மக்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகளாக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் ஆப்பிரிக்காவில் இருந்த கிறிஸ்தவக் கைதிகளுக்கு மாற்றாக ஒதுக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் விற்கப்பட்டனர். எஞ்சியோர் படைத்தலைவர்களுக்குப் பங்கிடப்பட்டனர். இம்முறை அவர்களுக்காகப் பணம் திரட்டப் பள்ளிவாசலில் யாருமில்லை.

கோபுரங்களோ தொடர்ந்து நின்றன. புதிய ஆட்சியாளர் பழையவற்றைப் பழுதுபார்த்து, புதியனவும் எழுப்பினர். இப்போது அவை எதிர்பார்த்து நின்றது வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையரை. அவர்களும் ஊர்களுக்குள் புகுந்து மனிதரைப் பிடித்துச் சென்றனர் என்பதை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. 'தோன் கிஹோத்தே' எழுதிய செர்வாந்தெஸ் 1575இல் கடலில் பிடிபட்டு, அல்ஜியர்ஸில் ஐந்தாண்டுகள் சிறையிருந்தார். அவரை மீட்டவர்களும் பணம் திரட்டிய மதகுருமார்தாம். 'கரையில் மூர்கள் இல்லை' என்ற தொடர் இன்றும் ஸ்பானிய மொழியில் வழங்குகிறது. தடையில்லை, அச்சமின்றிப் பேசலாம் என்பது அதன் கருத்து. சொல்வோரில் பலர் அதன் பின்னுள்ள கதையை நினைப்பதில்லை.

மிஹாஸ், பெனால்மதேனா போன்ற பழைய ஊர்கள் கடலைவிட்டு மலைமீது ஏறி அமர்ந்திருப்பதற்கும் இவ்வச்சமே பெருங்காரணம். மணற்கரை மீனவர்க்கும் காவலர்க்கும் உரியதாகவே இருந்தது. 1950களில்தான் நிலைமை விரைந்து மாறியது. பெயரிலேயே ஒரு கோபுரத்தைத் தாங்கிய தொர்ரெமொலினோஸ் என்ற மீனவச் சிற்றூரில் 1959இல் பெரிய விடுதி ஒன்று திறக்கப்பட்டது. பிறகு கரைநெடுகிலும் அடுக்குமாடிகள் எழுந்தன. வளைகுடா நாட்டுச் செல்வர்களும் வந்தனர். மார்பெல்லாவில் மன்னர் அப்துல் அஸீஸ் பெயரால் 1981இல் ஒரு பள்ளிவாசல் திறக்கப்பட்டது. ஸுஹைல் கோட்டை வளாகத்தில் இப்போது கோடைக்கால இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

கோபுரங்களில் இன்று ஆளில்லை. கண்காணிப்பு ராடார் கருவிகளின் கைக்கு மாறிவிட்டது. அவை தேடுவனவற்றுள் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பிழைப்புத் தேடி வருவோரின் சிறு படகுகளும் அடங்கும். கடலில் மீட்கப்படுவோரில் பலர் மலகா துறைமுகத்தில் இறக்கப்படுகின்றனர். கைதிகளுக்காகப் பணம் திரட்டப்பட்ட பெரிய பள்ளிவாசல் இருந்த இடம் அங்கிருந்து சில நிமிட நடைத்தொலைவுதான். பதினாறாம் நூற்றாண்டு முதல் அவ்விடத்தில் நகரின் பேராலயம் நிற்கிறது.